கழுவினா போகாத புலி

எங்கள் கொம்பன்குளத்தில் முட்டாள் என்று சொல்ல ஒருத்தர்கூடக் கிடையாது. இருந்த நாலு பேரையும் புலியாட்டக் குழுவில் சேர்த்துவிட்டோம். அதற்கப்புறம் ஊர் நிம்மதியாக இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் யாராவது, "உங்க ஊர்ல இப்படி ஒண்ணு நடந்துச்சாமே" என்று இழுத்தால், அது குழு விவகாரம், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவோம். இந்த ஒரு விவகாரத்தில் மட்டும் அப்படித் தப்பிக்க முடியவில்லை. அம்மனே சப்பரத்தில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள், என்ன செய்ய?

நாலு பேர் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புலி வேடம் கட்டுகிறவன் வேலாண்டி. புலிக்குப் பெயிண்டு பூசுகிறவன் குத்தாலம். மேளம் அடிக்கிறவன் ஆவுடை. புலியைச் சுடுகிற வேட்டைக்காரர் மந்திரம். நாலு பேரில் இவர்தான் மூத்தவர் என்பதால் மற்ற மூன்று பேருக்கும் அண்ணாச்சி. எந்தப் பேச்சானாலும் முடிவு சொல்வது அவர்தான். அந்த முடிவு எப்படி இருந்தாலும் சரி.

ஆடி மாசம் அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் முத்தாரம்மன் சப்பரத்தில் ஏறி உட்கார்ந்ததும், கோயில் வாசலில் புலி வந்து மறிக்கும். ஆடும், பாயும், உறுமும், சின்னப் பிள்ளைகளை அழவைக்கும். பிறகு வேட்டைக்காரர் வந்து மரத்துப்பாக்கியைத் தூக்குவார், ஆவுடை மேளத்தில் ஒரே ஒரு அடி அடிப்பான், புலி விழும். புலி விழுந்த பிறகுதான் சப்பரத்தைத் தூக்குவார்கள். விழாமல் தூக்கியது எங்கள் ஊர் சரித்திரத்திலேயே கிடையாது.

வேலாண்டிக்குப் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை. வருஷம் பூரா அவனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. டீக்கடையில் அவன் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அவன் பெண்டாட்டி சொர்ணமே பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவனுக்குப் பதில் சொல்வாள். ஆனால் கொடையன்று அவன் நடந்து வந்தால் கூட்டம் விலகி வழி விடும். சொர்ணம் முன்வரிசையில் நின்று, "அது எங்க வீட்டுப் புலி" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் அவன் மீதி வருஷத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தான்.

இந்த விவகாரத்துக்கு முந்தின கொடையில் பெயிண்டு பிரமாதமாக அமைந்துவிட்டது. கொடைக் கமிட்டித் தலைவர் தங்கப்பழம் அவன் தோளைத் தட்டி, "ஏ வேலாண்டி, புலின்னா இதாண்டே புலி. இப்படியே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனும் இப்படியே இருந்தான். கழுவவில்லை. மஞ்சளும் கறுப்புமாகவே பஞ்சர் ஒட்டினான். அதற்கு மேல் ஒரு நைலான் பனியன் வேறு. பெயிண்டு தானாக உரிந்து விழுந்து முடிவதற்குக் கார்த்திகை ஆகிவிட்டது. உரிந்த பிறகு பார்த்தால், முதுகு, நெஞ்சு, வயிறு எல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல். வேர்த்தால் அரிப்பு வேறு. சொர்ணம் அவன் பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தால்தான் இதை விரிக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

நாலு பேரும் போனார்கள். புலியின் உடம்பு குழுவுக்குப் பொது என்பது அவர்களுடைய சட்டம். வேலாண்டி மீசை திருத்த வேண்டுமென்றால்கூட மற்ற மூன்று பேரையும் கேட்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா இளம் வயது, நல்ல பொறுமைசாலி. குழுவைச் சந்திப்பதற்கு முந்தைய நிலவரத்தைச் சொல்கிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று அவர் நிதானமாக விளக்கினார். இது ஈஸ்ட் என்கிற பூஞ்சை. எல்லார் தோல்மேலும் சும்மா இருப்பதுதான். வேர்வையும் புழுக்கமும் சேர்ந்தால் பெருகித் தேமலாகப் படரும். நன்றாகப் புரியட்டும் என்று, ரொட்டி மாவைப் பொங்க வைப்பதும் இதற்கு ஒரு சொந்தக்கார ஈஸ்ட்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். மந்திரம் அண்ணாச்சி உடனே வேலாண்டியின் இடுப்பைச் சாண் போட்டு அளந்து மனசில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பொங்குகிறானா என்று தினமும் அளந்தார்.

பூஞ்சைக்கு ஒரு க்ரீம் கொடுத்து, எப்படிப் போடுவது என்றும் டாக்டரம்மா சொன்னார். குளித்துவிட்டு ஈரம் போகத் துடைக்கணும். உடம்பெல்லாம் அப்பக் கூடாது, மெல்லிசாகத் தடவணும். தேமலோடு நிறுத்தாமல் ஓரத்தைத் தாண்டியும் தடவணும். காலையிலும் சாயங்காலமும் விடாமல் செய்யணும், போய்விட்ட மாதிரி இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தேமல் செத்த பிறகும் தோல் பழைய நிறத்துக்கு வர மாசக்கணக்கில் ஆகும், அதற்காக மனசு விடக் கூடாது. ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் எடுக்காமல் இருப்பதும் நல்லது.

"கொடைக்குள்ள சரியாயிருமா, டாக்டரம்மா?" என்று வேலாண்டி கேட்டான்.

"சொன்னபடி தடவினா சரியாயிரும். சரியாகாம அது மேல பெயிண்டு மட்டும் அடிக்கக் கூடாது. அடிச்சீங்கன்னு கேள்விப்பட்டா, கொடைன்னுகூடப் பார்க்க மாட்டேன், நானே வந்து கழுவி விடுவேன்."

விஷயம் தங்கப்பழம் காதுக்கும் போனது. அவர் மனுஷர் முன்யோசனைக்காரர். ஆடிக்குள் வேலாண்டி தேறவில்லை என்றால் மேலக்கரைப் புலியைக் கூப்பிடுவதாக அந்த ஊர்க் குழுவிடம் பேசி வைத்துவிட்டார். மேலக்கரைப் புலி என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் ஆகாது. வேலாண்டி அன்றைக்கு ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் வேலாண்டி வீட்டுப் புறவாசலில் குழு கூடியது. புலி உடம்பில் குத்தாலத்தின் கை படாமல் எதுவும் படக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அதனால் க்ரீமையும் அவன்தான் பூச வேண்டும். அவன் ஒரு கிண்ணத்தில் க்ரீமைப் பிதுக்கிக் கலக்கினான். பிரஷ்களை வரிசையாக வைத்தான். பிறகு யோசனையில் ஆழ்ந்தான்.

"அண்ணாச்சி, உடம்பெல்லாம் அப்பக் கூடாதுன்னாங்க. மெல்லிசா தடவணும்னாங்க."

"அப்போ இருக்கதுலயே மெல்லிசு பிரஷ்ஷை எடு."

"தேமலோட நிக்காம ஓரத்தைத் தாண்டணும்னும் சொன்னாங்களே?"

"கோடு போட்டா தாண்டித்தானடே போகும்," என்றார் மந்திரம். "எந்தக் கோடு ஓரத்துல வந்து நின்னிருக்கு?"

குத்தாலத்துக்கு மனசு தெளிந்துவிட்டது. ஒன்று சொல்லணும், அவனுக்கு மனுஷ உடம்பில் புலிக்கோட்டைத் தவிர வேறு எதுவும் பூசத் தெரியாது. கை அதன் பாட்டுக்குப் பழைய தடத்திலேயே போனது. முதுகுத்தண்டில் ஆரம்பித்து, விலாவில் வளைந்து, வயிற்றில் வந்து கூராக முடிகிற கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் எப்போதும் போல இடைவெளி விட்டான். போட்டு முடித்ததும் நாலு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, இடது விலாவில் ஒரு கோட்டின் நுனியைத் திருத்தினான்.

பெயிண்டு பூசினால் அது காய்கிற வரைக்கும் புலி உட்காரக் கூடாது. இரண்டு கையிலும் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, காலை அகட்டி வெயிலில் நிற்க வேண்டும். கோடு காய்ந்து லேசாக வெடிப்பு விட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வேலாண்டி கழிகளை ஊன்றிக்கொண்டு நின்றான். மற்ற மூன்று பேரும் வெடிப்புக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குத்தாலம் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். ஒரு கோட்டையும் காணோம். திரும்பி ஆவுடையைப் பார்த்தான்.

"சத்தியமா நான் எடுக்கலை," என்றான் ஆவுடை.

மந்திரம் அண்ணாச்சி வேலாண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முதுகை மோந்து பார்த்தார். க்ரீம் உள்ளே போய்விட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னார். உள்ளே போனது எங்கே போயிருக்கும் என்று அடுத்த கேள்வி வந்தது. வேலாண்டியை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நாக்குக்கு அடியில் வரைக்கும் தேடினார்கள். அங்கே வெள்ளையாக ஒன்றும் அகப்படவில்லை. முதுகிலிருந்து வாய்க்குத் தூரம் அதிகம், இன்னும் வந்து சேர்ந்திருக்காது என்று முடிவாயிற்று. வரும் வரைக்கும் அவனைக் கழியை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பஞ்சர் கடை திறக்கவில்லை.

புலிக்குப் பூசும்போது மேளம் சும்மா இருக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. ஆகவே காலையிலும் சாயங்காலமும் வேலாண்டி வீட்டு வாசலில் ஆவுடை மேளத்தைப் பிளந்து கட்டினான். முதல் நாள் தெருவே ஓடி வந்து பார்த்தது. அப்புறம், "வேலாண்டிக்கு மருந்து போடுதாக, நேரமாச்சு" என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சொர்ணம்தான் பாவம். அவள் தாக்குப்பிடிக்கும் வரை தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணு தேமல் போகணும், இல்ல மேளம் போகணும். ரெண்டுல ஒண்ணு போனதும் சொல்லி விடுங்க, வாரேன்" என்று அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

துண்டு விஷயத்திலும் குழு கண்டிப்பாக இருந்தது. வேலாண்டி துண்டை வேறு யாரும் தொடாமல் இருக்க, அதை ஒரு பையில் போட்டுக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். யாருக்கும் எட்டாது. வேலாண்டிக்கும் எட்டாது. அதனால் அவன் தினமும் மற்றவர்கள் துண்டில் துடைத்துக்கொண்டான். ஒரு நாள் குத்தாலம் துண்டு, ஒரு நாள் ஆவுடை துண்டு, பெரும்பாலும் மந்திரம் அண்ணாச்சியின் வேட்டைக்காரத் தலைப்பாகை. அது நல்ல நீளம், முதுகுக்கு வசதியாக இருந்தது.

க்ரீம் தீர்ந்தால் வாங்கி வர மந்திரம் அண்ணாச்சிதான் போவார். ஆள் ஏன் வரவில்லை என்று டாக்டரம்மா கேட்டால், வேலாண்டி காய்ந்துகொண்டிருக்கிறான் என்பார். ஒழுங்காகத் தடவுகிறார்களா என்று கேட்டால், மேளம் அடித்துத் தடவுகிறோம் என்பார். டாக்டரம்மா மதுரைப் பக்கம். இந்த ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு க்ரீமைக் கொடுத்தனுப்புவார். "இன்னும் பொங்கலைம்மா, தினம் அளக்கேன்" என்று ஒரு நாள் அண்ணாச்சி சொன்னபோது மட்டும் அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வெளியே வரிசை சத்தம் போட்டது, விட்டுவிட்டார். ஆனால் கொடைக்கு நானும் வருகிறேன், ஆளைப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பினார்.

மார்கழி போய், மாசி, சித்திரை எல்லாம் போய் ஆடியும் வந்தது. இத்தனை மாசமாக அவன் உடம்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. க்ரீம் விழுந்த கோடுகளில் தேமல் செத்து, தோல் பழைய மாநிறத்துக்குத் திரும்பிவிட்டது. க்ரீம் படாத இடைவெளிகளில் தேமல் தன் போக்கில் வளர்ந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, சுத்தமாக வெளுத்துவிட்டது. தினம் பார்க்கிறார்களே, கண் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்த முதுகை வரியோடு பார்த்தே பழகின கண். அதில் வரி இருந்தது அவர்களுக்கு ஒரு அதிசயமாகவே படவில்லை. வெள்ளை மட்டும்தான் கண்ணில் பட்டது.

"இன்னும் வெளுப்பு இருக்குடே," என்றார் மந்திரம், கொடைக்கு முந்தின நாள். "பெயிண்டு அடிக்க முடியாது. டாக்டரம்மா வந்து கழுவி விட்டுரும்."

வேலாண்டி கழி இரண்டையும் கீழே போட்டுவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து அழுதான். சொன்னபடிதானே எல்லாம் செய்தோம், ஒரு நாள் தவறவில்லையே என்று அழுதான். நாளைக்குச் சொர்ணம் முன்வரிசையில் நின்று மேலக்கரைப் புலியைப் பார்க்கணுமே என்று சொல்லி அழுதான். மற்ற மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆவுடை அழுதுகொண்டே சாயங்கால மேளத்தை அடித்தான். குத்தாலம் அழுதுகொண்டே கோடு போட்டான்.

கொடையன்று சாயங்காலம் கோயில் வாசலில் எள் போட இடமில்லை. அம்மன் சப்பரத்தில் ஏறியாயிற்று. மேலக்கரைப் புலி பளபளவென்று மஞ்சள் பூசிக்கொண்டு குழாயடிப் பக்கமாகத் தயாராக நின்றது. வேலாண்டி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தான். எங்கள் ஊரில் வேடம் கட்டாத ஆம்பிளைகள் அம்மன் முன்னால் சட்டையோடு நிற்கக் கூடாது. அவன் சட்டையைக் கழற்றினான்.

முதலில் பக்கத்தில் நின்ற ஒரு கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. அப்புறம் கூட்டம் அவனைச் சுற்றி வட்டமாக விலகியது. கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் புலி. வெளுத்த உடம்பில் மாநிற வரி, முதுகில் கிளம்பி விலாவில் வளைந்து வயிற்றில் கூராக முடிந்தது. இடது விலாவில் திருத்தின நுனிகூட அப்படியே இருந்தது.

மேலக்கரைக் குழுத் தலைவன் பாய்ந்து வந்து, இது மோசடி, திருட்டுத்தனமாகப் பெயிண்டு அடித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று கத்தினான். தங்கப்பழம் கழுவிப் பார்த்துவிடலாம் என்றார். குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்பு, சீயக்காய், தேங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்தார்கள். வரி போகவில்லை. மேலக்கரைத் தலைவன் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னான். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கேனைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "பெயிண்டா அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே தன் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். பிறகு தேய்ப்பதை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"க்ரீமை எப்படித் தடவினீங்க?"

குத்தாலம் பணிவாக முன்னால் வந்து, காற்றில் கையை வளைத்து ஒரு கோடு போட்டுக் காட்டினான்.

டாக்டரம்மா நாற்காலி கேட்டார். கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இது பெயிண்டு இல்லேல்ல?" என்று வேலாண்டி மெதுவாகக் கேட்டான்.

"இல்லை."

"அப்போ நான் ஆடலாமா?"

டாக்டரம்மா யோசித்துப் பார்த்தார். கூடாது என்று சொல்வதற்கு அவருக்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை. ஆடலாம் என்றார். இதற்குள் குழாயடியில் தெறித்த தண்ணீரில் மேலக்கரைப் புலிக்கு ஒரு பக்கம் மஞ்சள் வழிந்து, பாதி மனுஷனாகிவிட்டது. அது ஒரு ஓரமாக உட்கார்ந்து கலர் சோடா குடிக்க ஆரம்பித்தது.

ஆவுடை மேளத்தைத் தட்டினான் பாருங்கள், வேலாண்டி வாசலில் பாய்ந்தான். அந்த மாதிரி ஆட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. வேர்வையில் அரிப்பு வேறு சேர்ந்துகொண்டதால் அவன் கல்தூணில் முதுகைத் தேய்த்தான், மண்ணில் புரண்டான், இரண்டு கையாலும் வயிற்றைப் பிறாண்டினான். நிஜப் புலிகூட இவ்வளவு செய்யுமா என்று ஜனம் கைதட்டியது. அம்மா வீட்டிலிருந்து கொடைக்கு வந்திருந்த சொர்ணம் முட்டி மோதி முன்வரிசைக்கு வந்துவிட்டாள். "அது எங்க வீட்டுப் புலி," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "கழுவினாலும் போகாது."

கடைசியில் மந்திரம் அண்ணாச்சி வந்தார். அந்த ஆடி வெக்கையிலும் கம்பளிக் கோட்டு, தலைப்பாகை, தோளில் மரத்துப்பாக்கி. துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தார். ஆவுடை குச்சியை ஓங்கினான். சப்பரக்காரர்கள் தோளைக் கொடுத்துத் தயாரானார்கள். அண்ணாச்சி துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"சுடமாட்டேன்," என்றார்.

தங்கப்பழம் ஓடி வந்தார். என்ன அண்ணாச்சி இது, அம்மன் காத்துக்கிட்டிருக்கா என்றார்.

"பெயிண்டு அடிச்ச புலியைச் சுடலாம். எத்தனையோ வருஷமாச் சுட்டுட்டு வாரேன்," என்றார் மந்திரம். "இது கழுவினா போகாத புலி. ஊரே தேய்ச்சுப் பாத்தாச்சு. இதைச் சுட்டா என்னைய ஜெயில்ல போட்டுருவாங்க."

"வேலாண்டிவே அது. பஞ்சர் கடை வேலாண்டி."

"இருந்தான், ஒத்துக்கிடுதேன். இப்போ பாரும்."

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, இவர் மனுஷர்தான், இது வெறும் தேமல், நான் டாக்டர் சொல்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். மந்திரம் கையைக் கூப்பினார். "கோவிச்சுக்கிடாதீங்கம்மா. நீங்க மனுஷ டாக்டரு. புலியா இல்லையான்னு மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர்தான் சொல்லணும்." மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் கொடைக்கு லீவு போட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தார். குழு அங்கேயே தரையில் உட்கார்ந்து விவாதித்தது. வேறு யாராவது சுட்டால் என்ன என்றான் குத்தாலம். அப்படியானால் சுட்டவர் ஜெயிலுக்குப் போவார் என்றார் மந்திரம். அந்த இடத்திலிருந்து கூட்டம் மெள்ள மெள்ளப் பின்வாங்கியது. சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்குத் தோள் வலித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புலி விழாமல் அம்மன் நகர மாட்டாள், அம்மன் நகராவிட்டால் இனி எந்த ஜென்மத்திலும் தன்னைப் புலி ஆட விட மாட்டார்கள் என்று வேலாண்டிக்குப் புரிந்தது. வேடத்தில் இருக்கும்போது புலி பேசக் கூடாது. ஆனாலும் பேசினான்.

"அண்ணாச்சி, நீரு என்னையச் சுட்டாத்தானே கேஸு? நான் உம்மைச் சுட்டா?"

மந்திரம் வெகு நேரம் யோசித்தார்.

"புலி மனுஷனைக் கொன்னா, புலியை ஜெயில்ல போட்டதா நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றார். "அது முறைதான்டே. இந்தா, பிடி."

வேலாண்டி துப்பாக்கியை வாங்கிக் குறி பார்த்தான். ஆவுடை ஓங்கி ஒரு அடி அடித்தான். மந்திரம் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகை அவிழ, பொத்தென்று விழுந்தார். தங்கப்பழம் சப்பரத்தைப் பார்த்தார், விழுந்தவரைப் பார்த்தார். எப்படியோ ஒரு ஆள் விழுந்தாயிற்று என்று கையை உயர்த்தினார். சப்பரம் கிளம்பியது. அம்மனுக்கு முன்னால், தோளில் துப்பாக்கியோடு, புலி நடந்தது. சொர்ணம் அதன் பக்கத்திலேயே நடந்தாள்.

விழுந்தது யாரானாலும் சப்பரம் ஊரைச் சுற்றித் திரும்பி வந்து தீர்த்தம் தெளிக்கிற வரைக்கும் அசையக் கூடாது. மந்திரம் அண்ணாச்சிக்குச் செத்துப் பழக்கம் இல்லை. கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அரிப்பு எடுத்தது. செத்தவர் சொறியக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாதான் வந்து கோட்டுப் பொத்தானை அவிழ்த்துப் பார்த்தார். நெஞ்சிலும் வயிற்றிலும் தேமல். வருஷாவருஷம் கம்பளிக் கோட்டு, போதாததற்கு வேலாண்டி துடைத்த ஈரத் தலைப்பாகை. ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வேலாண்டியின் க்ரீமைச் சொர்ணம் வாங்கிக்கொண்டாள். இனிமேல் என் கையாலேயே தடவிவிடுகிறேன், மேளம் வேண்டாம் என்றாள். மந்திரம் அண்ணாச்சிக்கு வீட்டில் ஆள் இல்லை. குத்தாலம்தான் தடவ வேண்டும். டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"இங்க பாருங்க. கோடு போடக் கூடாது. ஒரு கோடுகூடப் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

குத்தாலம் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினான். கோடு போடக் கூடாது, ஒரு கோடுகூடப் போடக் கூடாது. டாக்டரம்மாவுக்கு ரொம்ப நிம்மதியாகப் போய்விட்டது. அதோடு விட்டிருக்க வேண்டாம்.

தை பிறந்ததும் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கூடச் சொர்ணமும் வந்தாள். வேலாண்டிக்கு வரி மங்கிவிட்டது, வெளுப்பும் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆடிக்குத் தாராளமாகப் பெயிண்டு அடிக்கலாம் என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னார். வேலாண்டி அங்கேயே ஒரு உறுமல் உறுமினான். பிறகு மந்திரம் அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு கோடுகூட இல்லம்மா. நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றான் குத்தாலம். "எல்லாம் புள்ளிதான்."

ஆவுடை மேளத்தை இறக்கி வைத்துவிட்டு, சிறுத்தைக்கு எந்த அடி அடிக்கணும் டாக்டரம்மா என்று கேட்டான்.